இலைமேற் படிந்த வெண்மை

வெளுத்ததெல்லாம் பாலென்று நம்புவோரை நம் முன்னோர் எள்ளி நகைத்தனர். இலைமேற் காணும் வெண்மையெல்லாம் ஒரே நோயென்று நம்பி யான் அடைந்த நட்டத்தை, பழைய மாணவர்க்கும் இன்று பயிலும் மாணவர்க்கும் எடுத்துரைத்தல் பயனுடைத்தாகும்.

அம்பிட்டியவில் என் இல்லத்து வேலியோரம் நிற்கும் செவ்வரத்தைகள், நம் கல்லூரித் தோட்டத்திலிருந்து கொணர்ந்த தடிகளை நட்டு வளர்த்தவை. பூசைக்கு வேண்டிய மலர்களை என் தாயார் நாடோறும் அவற்றிலிருந்தே கொய்வார். சில ஆண்டுகளின் முன் அவற்றின் இலைகள் வெண்மை படிந்து சுருண்டன, அரும்புகள் உதிர்ந்தன. ரோசாச் செடிக்கு முன்னர் வந்த நோயே இதுவுமென எண்ணி, கந்தகத்தூளை இருமுறை தூவினேன். வெண்மை பெருகியதேயன்றிக் குறையவில்லை. ஆறு செடிகளுள் இரண்டு பட்டுப்போயின. அதன் பின்னரே பூதக்கண்ணாடியைக் கையிலெடுத்தேன்.

இலை வெளுத்துத் தோன்றுதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உள.

முதலாவது, வெறும் படிவு. சுவருக்கு வெள்ளையடிக்கையில் தெறித்த சுண்ணாம்பும், தெளித்த நீர் உலர்ந்தபின் எஞ்சும் உப்பும் இலையின் மேற்புறத்திற் புள்ளிகளாய் நிற்கும். தேசிக்காய்ச் சாற்றில் தோய்த்த துணியால் துடைக்க அவை நீங்கும். இது நோயன்று, மருந்தும் வேண்டா.

இரண்டாவது, சாம்பல் நோய். இஃது ஒருவகைப் பங்கசினால் உண்டாவது. ரோசாவின் இளந்தளிரில் மாப் பூசியதுபோற் பரவும். விரலால் தேய்த்தால் தூள் ஒட்டும். இதன் வித்திகள் முளைப்பதற்கு இலைமேல் நீர் நிற்கவேண்டியதில்லை. குளிர்ந்த ஈரலிப்பான இரவும் உலர்ந்த பகலும் அடுத்தடுத்து வருங்காலமே இதற்கு உகந்தது. 1845 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் திராட்சைக் கொடிகளில் இவ்வினத்து நோயொன்று காணப்பட்ட காலந்தொட்டுக் கந்தகமே இதற்குப் பெயர்பெற்ற மருந்து. கடும் வெயிலில் அதனைத் தூவுதல் இலையைக் கருக்கும். பால் ஒரு பங்கும் நீர் ஒன்பது பங்கும் கலந்து வாரமொருமுறை தெளித்தலும் பயன் தருமென்பது, 1999 இல் பிரேசில் நாட்டிற் பூசணியினப் பயிரொன்றில் நிகழ்ந்த ஆய்வு வாயிலாக வெளியாயிற்று.

மூன்றாவது, மாவுப்பூச்சி. என் செவ்வரத்தையைப் பீடித்தது இதுவே. இலையின் அடிப்புறத்திலும் காம்பின் கணுவிலும் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும். ஊசியாற் குத்தினால் உள்ளிருந்து நீர் கசியும், எறும்புகள் ஏறியிறங்கும். பூச்சி கழிக்கும் இனிய நீரை எறும்புகள் உண்டு, கைம்மாறாக அதனைக் காக்கின்றன. பங்கசுக்குரிய கந்தகம், மெழுகுப் போர்வைக்குள் இருக்கும் பூச்சியை என் செய்யும்? மிகுதியாகப் பற்றிய கிளைகளை வெட்டி எரித்தல் வேண்டும். எஞ்சியவற்றின் அடிப்புறம் நனையுமாறு, 1 லீற்றர் நீருக்கு 1 தேக்கரண்டி சவர்க்காரக் கரைசல் கலந்து வாரந்தோறும் தெளித்தல் வேண்டும். முதலில் ஓரிலையிற் தெளித்துச் சோதித்தல் நன்று. எறும்பின் வழியையும் அடைத்தல் வேண்டும்.

கொடிய நஞ்சைத் தெளிப்பின் விரைவில் தீருமே எனச் சிலர் வினவுவர். மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாசி மாவுப்பூச்சி 2008 இல் இலங்கையிலும் தமிழகத்துக் கோயம்புத்தூரிலும் தோன்றி, பப்பாசியை மட்டுமன்றிச் செவ்வரத்தையையும் தாக்கிற்று. அதனை அடக்கியது நஞ்சன்று. ஒரு மில்லிமீற்றரினும் சிறிய குளவியே. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வருவிக்கப்பட்ட அக்குளவிகள் 2009 இல் இலங்கையிலும், 2010 இல் தமிழகத்திலும் விடப்பட்டன. அவை பூச்சியின் உடலுள் முட்டையிட்டு அதனை அழிப்பவை. நாம் தெளிக்கும் நஞ்சு பகையைக் கொல்லுமுன் இத்துணைவனைக் கொன்றுவிடும். அன்றியும், இறைவன் திருவடியிற் சாத்தும் மலரை நஞ்சில் தோய்த்தல் முறையாகுமோ?

எஞ்சிய நான்கு செடிகளும் இன்று பூத்துக் குலுங்குகின்றன. அவற்றினின்று சில தடிகளை நம் கல்லூரித் தோட்டத்திற்கு மீண்டும் அளிக்க எண்ணியுள்ளேன். ஒவ்வொன்றின் கணுவையும் கண்ணாடி கொண்டு நோக்கிய பின்னரே அளிப்பேன். பூச்சி ஊர்விட்டு ஊர் செல்வதும் இத்தகைய தடிகளின் வழியேயன்றோ?