உங்களுக்குத் தெரியுமா? எலி மூத்திரம் காத்த சரித்திரம்!

அமெரிக்காவின் மேற்குப் பாலைவனங்களைச் சல்லடை போட்டுச் சலித்துக் கொண்டுவந்திருக்கிறேன். ஒவ்வொன்றும் முத்து! உட்கார்ந்தே படியுங்கள். நின்றபடி படித்து மயங்கி விழுந்தால் நான் பொறுப்பல்ல!

பேக்ரேட் என்று ஒரு பாலைவன எலி. குச்சி, விதை, எலும்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் பொந்தில் சேர்க்கும். அதன் மேலேயே மூத்திரமும் பெய்யும்! அது காய்ந்து கண்ணாடி மாதிரி இறுகிவிடும். உள்ளே மாட்டிய இலை கெடாமல் இருக்கும். எவ்வளவு காலம்? 40,000 ஆண்டுகள்!

1849-ல் தங்கம் தேடிப் போன ஒரு கூட்டம் பசியில் வாடியது. பாறை இடுக்கில் பளபளவென்று மிட்டாய் மாதிரி ஏதோ தெரிந்தது. எடுத்துத் தின்றார்கள். இனித்தது! கொஞ்ச நேரத்தில் குமட்டியது. ஆமாம், அதேதான்... எலி மூத்திரக் கட்டி!

நியூ மெக்ஸிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கு இன்று வெறும் பொட்டல். ஒரு காலத்தில் அங்கே பைன் மரங்கள் நின்றன என்று சாட்சி சொன்னது யார்? அதே எலிதான்!

சாக்கோவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த மாளிகைகளுக்கு உத்தரம் போட வெட்டிய மரங்கள் 2 லட்சத்துக்கு மேல்! பலவற்றை 75 கிலோமீட்டர் தூரத்து மலைகளிலிருந்து கொண்டுவந்தார்கள். வண்டிச் சக்கரம் கிடையாது. குதிரை கிடையாது. எல்லாம் தோள்பலம்!

அந்த மாளிகைப் பானைகளை 2009-ல் ஆராய்ந்தவர்கள் அசந்துபோனார்கள். உள்ளே ஒட்டியிருந்தது சாக்லேட்! கொக்கோ விளையும் காடோ தெற்கே சுமார் 2,000 கிலோமீட்டர் தாண்டி!

சாக்கோவின் பெரிய மாளிகை புவெப்லோ பொனிட்டோ. அதன் பின்னால் ஒரு ராட்சதப் பாறை சாய்ந்து நின்றது. கட்டியவர்களே பயந்து அதற்கு முட்டுச்சுவர் வைத்திருந்தார்கள். பல நூற்றாண்டுகளாக ‘இதோ விழப்போகிறேன்’ என்று பயம் காட்டிய பாறை, 1941 ஜனவரியில் சொன்னதைச் செய்துவிட்டது! எடை 30,000 டன். நொறுங்கிய அறைகள் சுமார் 30!

1888 டிசம்பர். கொலராடோவில் பனி கொட்டுகிறது. காணாமல் போன மாடுகளைத் தேடிப் போன இரண்டு பேர் எதிர்ப் பாறையைப் பார்த்தார்கள். மலைப்பொந்துக்குள் ஒரு முழு ஊர்! மேசா வெர்டேயின் ‘கிளிஃப் பேலஸ்’ உலகுக்குத் தெரிந்தது இப்படித்தான். அறைகள் சுமார் 150!

அதே மேசா வெர்டேயில் 1891-ல் ஒரு ஸ்வீடன் இளைஞர் தோண்டிப் பெட்டி பெட்டியாக மூட்டை கட்டினார். பெயர் நோர்டென்ஷோல்ட். ஊரே கொதித்தது. கைது செய்தார்கள். எந்தச் சட்டத்தில் போடுவது? அப்படி ஒரு சட்டமே இல்லை! விட்டுவிட்டார்கள். பொருளெல்லாம் கப்பலேறிக் கடைசியில் பின்லாந்து போய்ச் சேர்ந்தது. அதிலிருந்த மூதாதையர் எலும்புகள் பூர்வகுடிகளிடம் திரும்பி வந்தது எப்போது? 2020-ல்! 129 ஆண்டுகள் கழித்து!

1906-ல் ஒருவழியாகச் சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். தொல்பொருளைத் திருடினால் 500 டாலர் அபராதம், 90 நாள் ஜெயில்! 1979-ல் இன்னொரு சட்டம். இரண்டாவது முறை மாட்டினால் 1 லட்சம் டாலர், 5 ஆண்டு கம்பி!

பாறையில் பெயர் செதுக்குவது நம்மூர் காதலர்களின் தனி உரிமை என்று நினைத்தீர்களா? நியூ மெக்ஸிகோவின் எல் மோரோ பாறையில் ஸ்பெயின்காரர் ஒன்யாத்தே 1605-லேயே செதுக்கிவிட்டார்! அங்கே 1906-க்கு முன் செதுக்கியது பாரம்பரியம். அதற்குப் பின் செதுக்கினால் குற்றம்!

பாலைவனப் பாறை மேல் கருப்பாக ஒரு பளபளப்பு படியும். அதைக் கொத்தினால் உள்ளே வெளிர்நிறம் தெரியும். ஓவியம் ரெடி! அந்தக் கருப்பு ஒரு தலைமுடி கனத்துக்குச் சேரவே ஆயிரக்கணக்கான ஆண்டுகள்! கீறி அழிக்கவோ... ஒரு நொடி!

வட அமெரிக்காவின் மிகப் பழைய பாறைச் செதுக்கல் நெவாடாவில், வற்றிப்போன வின்னெமக்கா ஏரிக்கரையில் இருக்கிறது. வயது? குறைந்தது 10,500! 14,800 வரைகூடப் போகலாம்!

செய்தித்தாள் படிக்கப் பாறைக்குப் போவார்களா? யூட்டாவில் ‘நியூஸ்பேப்பர் ராக்’ என்றே ஒன்று உண்டு. ஒரே பாறையில் 650-க்கும் மேற்பட்ட உருவங்கள்! சந்தா கிடையாது!

யூட்டாவின் ‘நைன் மைல்’ பள்ளத்தாக்கு பேருக்குத்தான் ஒன்பது மைல். உண்மையில் 40 மைலுக்கு மேல்! உலகின் நீளமான ஓவியக்கூடம் என்று செல்லப்பெயர். எரிவாயு லாரிகள் கிளப்பிய புழுதி ஓவியங்கள் மேல் அப்பியது. புழுதியை அடக்கச் சாலையில் ரசாயனம் தெளித்தார்கள். ரசாயனத்தூளும் பறந்துபோய் ஓவியத்தில் உட்கார்ந்தது! கடைசியில் சாலைக்கே தார் போட்டார்கள்!

யூட்டாவின் பிளாக் டிராகன் பள்ளத்தாக்கில் ‘பறக்கும் ராட்சதப் பல்லி’ ஓவியம் இருப்பதாகப் பல காலம் பரபரப்பு. 2015-ல் எக்ஸ்-ரே கருவியை நீட்டினார்கள். பல்லியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! ஐந்து தனித்தனி ஓவியங்கள். 1940-களில் ஒருவர் சாக்பீஸால் சுற்றிக் கோடு இழுத்ததுதான் இறக்கை முளைத்த ரகசியம்!

சாக்கோவின் ஃபஹாடா குன்றில் மூன்று கற்பலகைகள். ஆண்டின் நீண்ட பகல் அன்று நண்பகலை ஒட்டி அவற்றின் இடுக்கு வழியே வரும் வெயில், சுருள் செதுக்கலைக் கத்தி மாதிரி இரண்டாக வெட்டும்! 1977-ல் கண்டுபிடித்தார்கள். பார்க்கக் கூட்டம் ஏறியது. காலடியில் மண் சரிந்தது. 1989-ல் பார்த்தால் பலகைகளே நகர்ந்துவிட்டன! நூற்றாண்டுகள் நேரம் தப்பாத கடிகாரம், வெறும் 12 ஆண்டில் பழுது!

2012-ல் கலிஃபோர்னியாவின் பிஷப் ஊர் அருகே திருடர்கள் ஜெனரேட்டரும் மின்ரம்பமும் கொண்டுபோய்ச் செதுக்கல்களைப் பாறையோடு அறுத்தார்கள்! பையூட் மக்களின் புனித இடம் அது. அடுத்த ஆண்டே கற்கள் கிடைத்துவிட்டன. மறுபடி எப்படி ஒட்டுவது?

ஒரு வான்கோழிச் சிறகுப் போர்வை. வயது சுமார் 800. சிறகுகள் 11,500! கற்றாழை இன நார்க்கயிறு மட்டும் சுமார் 180 மீட்டர்! சிறகுகளில் பெரும்பாலானவை உயிருள்ள வான்கோழிகள் உதிர்க்கும் பருவத்தில் நோகாமல் பிடுங்கியவை!

உலகில் காலம் கணித்த செருப்புகளில் மிகப் பழையவை ஆரெகன் பாலைவனக் குகையில் 1938-ல் கிடைத்தன. எரிமலைச் சாம்பலுக்கு அடியில், டஜன் கணக்கில்! மரப்பட்டையில் பின்னியவை. வயது சுமார் 10,000!

நியூ மெக்ஸிகோவின் வெள்ளை மணலில் 1.5 கிலோமீட்டருக்கு ஒருவரின் காலடித் தடம். போகும்போது இடுப்பில் குழந்தை. திரும்பும்போது கை காலி! நடுவில் தடத்தை மிதித்துக் கடந்தது யார் தெரியுமா? ஒரு மாமத யானை!

பழைய கட்டடங்களின் வயதைச் சொன்னவர் தொல்பொருள் நிபுணர் இல்லை. வானியலாளர்! டக்ளஸ் என்பவர் சூரியப் புள்ளிகளைப் பற்றி அறியத்தான் மர வளையங்களை எண்ணினார். 1929-ல் அரிசோனாவில் கருகிய ஒரு கட்டை கிடைத்தது. விட்டுப்போன கணக்கு டக்கென்று இணைந்தது. டஜன் கணக்கான சிதைவுகளுக்கு வயது தெரிந்தது. ஒரே கட்டையால்!

யூட்டாவில் கரடிக் காது மாதிரி இரட்டைக் குன்றுகள். ஹோப்பி, நவாஹோ, யூட், சூனி என்று நான்கு பூர்வகுடி மொழிகளிலும் அதன் பெயர் ‘கரடிக் காதுகள்’தான்! 2016-ல் ஒபாமா சுற்றியுள்ள 13.5 லட்சம் ஏக்கரைப் பாதுகாத்தார். 2017-ல் டிரம்ப் 85 சதவீதத்தை வெட்டினார். 2021-ல் பைடன் திருப்பிக் கொடுத்தார். குன்று மட்டும் அசையவில்லை!

சரி, இந்தப் பொக்கிஷங்களில் பல எங்கே இருக்கின்றன? சரியான இடத்தைக் காட்டும் வரைபடத்தை அமெரிக்க அரசு கையில் வைத்திருக்கிறது. தகவல் அறியும் சட்டத்தில் மனுப் போட்டாலும் தராது! திருடனுக்கு வழி காட்டக் கூடாதாம். அதற்கும் சட்டம் உண்டு!

அரசாங்கமே வாய் திறக்காதபோது நான் திறப்பேனா? எலிப் பொந்து வரைக்கும்தான் வழி காட்டினேன். மிட்டாய் கிடைத்தால்... தின்றுவிடாதீர்கள்!