கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்

1983 டிசம்பரில் வெளிவந்து, 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 கார்களை இன்றும் சாலையில் பார்க்க முடிகிறது. இவ்வளவு வயதான காருக்கு வரும் நோய்களில் இரண்டு அடிக்கடி கேட்பவை: செல்ஃப் எடுக்கவில்லை, கியர் விழவில்லை. முதல் புகாருக்குப் புது பேட்டரி, இரண்டாவதற்குக் கியர்பாக்ஸ் வேலை என்று உடனே முடிவெடுத்துவிடுகிறோம். குறை தெரியும் இடமும் குறை இருக்கும் இடமும் பழைய கார்களில் பல சமயம் வேறு வேறு. பெரிய பாகங்களை விட, அவற்றை இணைக்கும் வயர், போல்ட், கேபிள் ஆகியவையே முதலில் தளர்கின்றன. ஆகவே கழற்றுவதற்கு முன் சோதிக்க வேண்டும். அதுவும் அந்தப் பாகம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே சோதிக்க வேண்டும்.

முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, சும்மா இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். அதைப் பார்த்து மின்சாரம் சரியாகப் போகிறது என்று சொல்லிவிட முடியாது. சிறிய காரின் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கே 100 ஆம்பியர் அளவில் மின்னோட்டம் வேண்டும். பச்சை பூத்த டெர்மினலில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலும், அந்த ஓட்டத்தில் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். மோட்டார் முனகும், பழி பேட்டரி மீது விழும். இத்தனை சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவையில் பிடிக்க முடியாது. இழைகள் அறுந்து ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சிய வயரைக்கூட அது ‘நல்ல வயர்’ என்றே சொல்லும். சரியான வழி வேறு. மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் தொட்டுக்கொண்டு, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பாதையில் எங்கோ துரு, எங்கோ தளர்ந்த போல்ட்.

இந்த எர்த்தை வயரிங் சங்கதி என்று ஒதுக்கிவிட்டுக் கியர் பக்கம் போக முடியாது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட்களின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பாடிக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள எர்த் பட்டை அறுந்துபோனால், ஸ்டார்ட்டரின் பெரும் மின்னோட்டம் திரும்ப வேறு வழி தேடும். கேபிளால் இயங்கும் கிளட்ச் உள்ள காரில் அந்த வழி கிளட்ச் கேபிளாக இருக்கலாம், ஆக்சிலேட்டர் கேபிளாகவும் இருக்கலாம். அவ்வளவு மின்சாரத்தைச் சுமக்கச் செய்யப்படாத கேபிள் சூடேறி, உறையின் உட்புறம் கெட்டு, இறுகிப்போகும். கிளட்ச் கனக்கும், முழுதாக விடுபடாது, கியர் கடிக்கும். பட்டையைக் கவனிக்காமல் கேபிளை மட்டும் மாற்றினால் புதுக் கேபிளுக்கும் அதே கதிதான்.

கியர் கடிப்பதற்கும் இதே முறையில் விடை தேடலாம். எஞ்சின் அணைந்திருக்கும்போது எல்லா கியரும் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் எல்லாமே முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். ரிவர்ஸ் இதற்கு நல்ல சாட்சி. பெரும்பாலான பழைய கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோனைசர் கிடையாது. கிளட்சை மிதித்துச் சில விநாடி பொறுத்த பிறகும் ‘கர்ர்’ என்று கடித்தால், கியர்பாக்ஸின் உள்தண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சத்தமும் பேசும். நியூட்ரலில் இரைந்து, கிளட்சை மிதித்ததும் நின்றால் உள்தண்டு பேரிங். மிதித்ததும் தொடங்கினால் ரிலீஸ் பேரிங். ரிவர்ஸ் போடும்போதெல்லாம் பியூஸ் போகிறதென்றால், கியர்பாக்ஸில் இருக்கும் ரிவர்ஸ் விளக்கு சுவிட்சின் வயர் எங்காவது உரசித் தோல் உரிந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

அனுபவமுள்ள மெக்கானிக் காதால் கேட்டே சொல்லிவிடுவார், மீட்டர் எதற்கு என்று கேட்கலாம். அந்தக் காதை நான் மதிக்கிறேன். அது தேட வேண்டிய இடத்தைச் சுருக்கித் தருகிறது. ஆனால் டெர்மினலில் தொலையும் 2 வோல்ட்டுக்குச் சத்தம் கிடையாது. வயரிங்கே கிழடாகிவிட்டது, மொத்தமாக மாற்றுவதே மேல் என்ற வாதத்துக்கும் இடம் உண்டு: காப்புறை பல இடங்களில் நொறுங்கி உதிர்கிறதென்றால் தீ அபாயம் இருக்கிறது, மாற்றித்தான் ஆக வேண்டும். மற்றபடி, புது வயரிங்கையும் அதே துருப்பிடித்த எர்த் போல்ட்டில் முறுக்கினால் பழைய குறை அப்படியே தொடரும். இதற்கெல்லாம் நேரமில்லை என்பார்கள். மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். முன்சக்கர இயக்கக் காரில் டிரைவ் ஷாஃப்ட்டுகளைக் கழற்றிக் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவது அப்படி முடிகிற வேலையல்ல.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்று சோதனையே சொல்லும் நேரமும் வரும். கிளட்ச் முழுதாக விடுபடுகிறது, தயாரிப்பாளர் சொன்ன வகை ஆயில் சரியான அளவில் இருக்கிறது, அப்படியும் இரண்டாம் கியர் மட்டும் கடிக்கிறது என்றால், அந்தக் கியரின் சிங்க்ரோனைசர் வளையம் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது தயங்காமல் இறக்கலாம். இறக்கிய கையோடு கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இரண்டாவது இறக்குக்கூலி மிச்சமாகும்.