அணை நீரில் மூழ்காத பாடல்

புதுதில்லி: மக்கள் இயக்கங்களின் பாடல்கள் பெரும்பாலும் அந்த இயக்கங்களுடனேயே மறைந்துவிடும். ஊர்வலத்திலும் உண்ணாவிரதப் பந்தலிலும் ஒலிக்கும். போராட்டம் ஓய்ந்தபின் மறக்கப்படும். இதற்கு விதிவிலக்காக அமைந்தது, தில்லியைச் சேர்ந்த 'இந்தியன் ஓஷன்' ராக் இசைக் குழு 2000-ம் ஆண்டு வெளியிட்ட 'கண்டிசா' இசைத்தொகுப்பு.

கிதார் கலைஞர் சுஷ்மித் சென்னும், தபலாக் கலைஞர் அசீம் சக்கரவர்த்தியும் 1990-ல் தொடங்கிய குழு இது. பின்னர் இணைந்த ராகுல் ராம், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1990-களின் முற்பகுதியில் நர்மதை பாதுகாப்பு இயக்கத்தில் பணியாற்றினார். நதியைத் தாயாகப் போற்றி அந்தப் பள்ளத்தாக்கில் பாடப்பட்டு வந்த 'மா ரேவா' பாடல் அவர் வழியாகவே குழுவை வந்தடைந்தது. ரேவா என்பது நர்மதையின் மற்றொரு பெயர்.

தொகுப்பில் உள்ள மற்றொரு பாடலான 'ஹில்லே லே', நிலமற்ற உழவர்களின் எழுச்சியைப் பாடிய கோரக் பாண்டே எழுதியது. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துவந்த இக்கவிஞர் 1989-ல் மறைந்தார். இவற்றுடன், கேரள சிரியன் கிறிஸ்தவர்களின் பழமையான அரமேய மொழிப் பிரார்த்தனையும் சேர்ந்து மொத்தம் 7 பாடல்கள்.

திரையிசையே இசை என்றிருந்த சந்தையில், திரைப்படத்தின் துணையின்றியே இத்தொகுப்பு பரவலான வரவேற்பைப் பெற்றது. அணையைப் பார்த்திராத கல்லூரி மாணவர்களும் நர்மதையின் பாடலை முணுமுணுத்தனர்.

ஆனால், அதே 2000-ம் ஆண்டு அக்டோபர் 18-ல் வெளியான உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு, சர்தார் சரோவர் அணையை 90 மீட்டர் வரை உயர்த்த அனுமதித்தது. மறுவாழ்வுப் பணிகளுக்கு ஏற்பப் படிப்படியாக மேலும் உயர்த்தவும் அது வழிவகுத்தது. நீதிபதி பரூச்சா மட்டும் மாறுபட்ட தீர்ப்பளித்தார். நகரத்து வீடுகளில் பாடல் நுழைந்த ஆண்டிலேயே, அது பிறந்த மண்ணின் வழக்கு தோற்றது.

2017 செப்டம்பரில் அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் நீர்மட்டம் முதன்முறையாக முழு அளவான 138.68 மீட்டரை எட்டியது. குஜராத்தின் வறண்ட பகுதிகளுக்கு நீர் கிடைத்தது உண்மை. மத்தியப் பிரதேசத்தின் கரையோரக் கிராமங்கள் மூழ்கியதும் உண்மை.

இயக்கத்தின் உழைப்பு முற்றிலும் வீணாகிவிடவில்லை. நிலத்துக்கு நிலம் கிடைக்காத 681 குடும்பங்களுக்குத் தலா ரூ. 60 லட்சம் வழங்க, 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைப் பெற்றுத் தந்தது கிதார் அன்று. ஆண்டுக்கணக்கில் மனுக்களோடு அலைந்த மக்களின் விடாமுயற்சியே.

பாடலால் அணையைத் தடுக்க முடியாது; இழப்பீடு பெற்றுத்தரவும் முடியாது. ஒரு நதிக்கரையில் மக்கள் வாழ்ந்தார்கள், அவர்கள் அதைத் தாய் என்று அழைத்தார்கள் என்பதை மறக்கவிடாமல் செய்ய மட்டும் அதனால் முடியும். 2009-ல் அசீம் மறைந்தார். 2013-ல் சுஷ்மித் சென் விலகினார். 'மா ரேவா' நிலைத்துவிட்டது. பாடலுக்குக் கிடைத்த இந்த இடம், அதைப் பாடிய மக்கள் எத்தனை பேருக்குக் கிடைத்தது?