சொல்லத் தயங்கும் வலி

பல இல்லங்களில் பெண்கள் ஆண்டுக்கணக்கில் மறைத்து வைக்கும் வேதனை ஒன்று உண்டு. தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்புகளுக்கு நடுவே கனமாக அழுத்தும் வலி அது. நெடுநேரம் உட்கார்ந்தால் கூடும். சிறுநீர் கழிக்கும்போதோ, மலம் கழிக்கும்போதோ, தாம்பத்திய உறவின்போதோ எரிச்சலாகவும் குத்தலாகவும் வெளிப்படும். தாயாரிடம் சொல்ல வெட்கம். கணவரிடம் சொல்லத் தயக்கம். தொழுகையின் இருப்பில் அமர்வதே சிரமமாகிவிட்ட பின்னரும், 'பெண்ணாய்ப் பிறந்தால் இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்' என்று தம்மைத் தாமே தேற்றிக் கொள்கிறார்கள்.

சகோதரிகளே! ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் இத்தகைய வலியை, நாட்பட்ட இடுப்புக்குழி வலி என்று மருத்துவம் தனியே வகைப்படுத்தியுள்ளது. அது பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றன்று. மருத்துவம் செய்துகொள்ள வேண்டிய ஒன்று.

ஸ்கேனில் தெரியாத காரணம்

முதலில் பெண் மருத்துவர் ஒருவரிடம் காட்டி, கிருமித் தொற்று, கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் போன்றவை உண்டா எனச் சோதித்துக்கொள்வது அவசியம். இச்சோதனைகளில் ஒரு குறையும் தென்படாமல் போவதும் உண்டு. அப்போதுதான், 'எல்லாம் மனப்பிரமை' என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. வலியைவிட அச்சொல் அதிகமாக வலிக்கும்.

உண்மையில், ஸ்கேன் படத்தில் எளிதில் தெரியாத காரணம் ஒன்று இருக்கக்கூடும். முன்புற இடுப்பெலும்பிலிருந்து பின்புற வால் எலும்புவரை, குழந்தையைத் தாங்கும் ஏணையைப்போல் தசைகள் விரிந்து கிடக்கின்றன. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குபவை இவையே. கடினமான பிரசவம், அறுவைச் சிகிச்சை, தீராத மலச்சிக்கல், சிறுநீரை அடக்கும் பழக்கம், ஓயாத மனக்கவலை ஆகியவற்றால் இத்தசைகள் இறுகிப்போகலாம். கைவிரல்களை நாள் முழுவதும் இறுக மூடியே வைத்திருந்தால் கை என்ன பாடுபடும்? அதே நிலைதான் இங்கும். வலி தசையை இறுக்குகிறது. இறுகிய தசை மேலும் வலிக்கிறது. இந்தச் சுழலை அறுப்பதே பிஸியோதெரபியின் பணி.

ஆய்வு கூறுவது

வட அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2012ஆம் ஆண்டு வெளியாயிற்று. சிறுநீர்ப்பை வலியும் இடுப்புத் தசைகளில் தொட்டால் நோவும் உடைய 81 பெண்கள் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு உடல் முழுவதும் பொதுவான மசாஜ். மற்றப் பிரிவினருக்கு இறுகிய இடுப்புத் தசைகளைத் தளர்த்தும் சிகிச்சை. இருவகைக்கும் ஒரு மணி நேரம் வீதம் 10 அமர்வுகள். தசைச் சிகிச்சை பெற்றோரில் 59 விழுக்காட்டினர் நல்ல முன்னேற்றம் கண்டதாகக் கூறினர். மசாஜ் பெற்றோரில் 26 விழுக்காட்டினரே அவ்வாறு கூறினர். எல்லோருக்கும் பலனளிக்கும் மந்திரமன்று இது. எனினும், கைவிடப்பட்டதாக எண்ணியவர்களுக்கு இது பெரிய நம்பிக்கை.

சிகிச்சை எப்படி நடக்கும்?

பிரசவம், அறுவைச் சிகிச்சை, மலஜலப் பழக்கம் ஆகியவை குறித்து முதலில் விசாரிப்பார்கள். நிற்கும் விதம், மூச்சு விடும் முறை, வயிறு, முதுகு, தொடைத் தசைகள் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால், உங்கள் சம்மதத்துடன் மட்டுமே உட்பரிசோதனை நடைபெறும். வேண்டாமென்று மறுக்கவும், பாதியில் நிறுத்தச் சொல்லவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. வெளிப்புறச் சிகிச்சையும் மூச்சுப் பயிற்சியுமே தொடக்கத்திற்குப் போதும். பெண் சிகிச்சையாளரையே கேளுங்கள். துணைக்குத் தாயாரையோ சகோதரியையோ உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகெல் 1948இல் எழுதி அறிமுகப்படுத்திய, இடுப்புத் தசைகளைச் சுருக்கிப் பிடிக்கும் பயிற்சி, தளர்ந்த தசைகளை வலுப்படுத்த ஏற்றது. ஏற்கெனவே இறுகிய தசைகளுக்கு அது வலியைக் கூட்டக்கூடும். ஆகவே, யாரோ சொன்னார்கள் என்று தாமாகத் தொடங்க வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். வயிற்றின்மீது ஒரு கையை வைத்து, மூக்கின் வழியே வயிறு மெல்ல உயரும்படி மூச்சிழுங்கள். அப்போது இடுப்பின் அடித்தளம் தளர்ந்து இறங்குவதாக உணருங்கள். பிறகு நிதானமாக மூச்சை விடுங்கள். காலையும் இரவும் ஐந்து நிமிடங்கள் போதும். சிறுநீரை அடக்காதீர்கள்; மலம் கழிக்கையில் முக்காதீர்கள். வெதுவெதுப்பான ஒத்தடமும் இதமளிக்கும்.

மாதவிலக்கு நின்றபின் இரத்தப்போக்கு, சிறுநீரிலோ மலத்திலோ இரத்தம், காய்ச்சல், காரணமற்ற உடல் மெலிவு, திடீரெனத் தோன்றும் கடும் வலி ஆகியவை இருந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அணுகுங்கள்.

சகோதரர்களே! இவ்வலி ஆண்களுக்கும் வருகிறது. அவர்களுள் பலருக்கும் இதே தசை இறுக்கம் காணப்படுகிறது. உங்கள் மனைவி வலி என்று சொன்னால் அதைச் சாக்குப்போக்கு என எண்ணாதீர்கள். காது கொடுத்துக் கேளுங்கள். மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். மருந்துக்கு முன்னே அவள் தேடுவது, தன்னை நம்பும் ஒருவரைத்தான்.