இசைக்குழுவில் ஒரு நாற்காலி

லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் 2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. இசைத்தது ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு. நடத்தியவர் மிக்கேல் டாம்ஸ். இருபது ஆண்டுகளுக்கு முன், 2005-இல் வெளியான அவரது 'திருவாசகம்' புடாபெஸ்ட் இசைக்குழுவின் துணையோடு உருவானது. எழுதியவர் தமிழர் என்ற பெருமிதம் நியாயமானதே. ஆயினும், வாசிக்கவும் நடத்தவும் கடல் கடந்து செல்ல வேண்டியிருப்பது ஏன் என்ற கேள்வியை நாம் போதிய அளவு எழுப்பவில்லை.

நம் பேச்சு வழக்கே இதற்கு ஒரு சான்று. 'கண்டக்டர்' என்றால் நமக்குப் பேருந்து நடத்துநர். 'ஆர்க்கெஸ்ட்ரா' என்றால் திருமண மண்டபத்து மெல்லிசைக் குழு. சிம்பொனி இசைக்குழுவின் நடத்துநர் கையில் ஒரு சிறு கோலைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர் ஓர் ஒலியும் எழுப்புவதில்லை. ஆனால், எண்பது பேரின் மூச்சும் வில்லும் ஒரே கணத்தில் தொடங்குவதும், ஒரு கருவி மற்றொன்றை மூழ்கடிக்காமல் இருப்பதும் அவர் பொறுப்பு. இந்தத் திறனைப் புத்தகத்திலிருந்து மட்டும் பெற முடியாது. இசைக்குழுவுக்குள் ஒரு நாற்காலியில் பல ஆண்டுகள் அமர்ந்து கேட்டவருக்கே அது கைவரும். மும்பையில் பிறந்த சுபின் மேத்தா வியன்னாவில் பயின்றபோது டபுள் பாஸ் வாசித்தவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

அந்த நாற்காலிகளில் டிராம்போன் கலைஞருடையது தனிச்சிறப்பு வாய்ந்தது. டிராம்போன் நீண்ட பித்தளைக் குழல் கருவி. டிரம்பெட்டில் இருப்பது போன்ற விசைகள் பெரும்பாலும் இதில் இல்லை. ஒரு சறுக்குக் குழலை முன்னும் பின்னும் நகர்த்தி, ஏழு நிலைகளில் சுரங்களைப் பிடிக்க வேண்டும். இரு சுரங்களுக்கு இடையே வழுக்கிச் செல்ல இயல்வதால், கமகத்தில் ஊறிய நம் செவிக்கு அது அந்நியமாகப் படுவதில்லை. நிலைகளைக் காட்டும் அடையாளம் எதுவும் குழலில் கிடையாது, காதுதான் வழிகாட்டி.

வழக்கமான சிம்பொனி இசைக்குழுவில் மூன்று டிராம்போன்கள் இருக்கும். அவற்றுக்கு வேலை குறைவு; காத்திருப்பு அதிகம். 1808-இல் அரங்கேறிய பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் டிராம்போன்கள் ஒலிப்பது நான்காம் பகுதியில் மட்டுமே. முதல் மூன்று பகுதிகளிலும் அக்கலைஞர்கள் கருவியை மடியில் வைத்து மௌனமாக அமர்ந்திருப்பார்கள். தம் முறை வரும்போது ஒரு கணமும் தவறக் கூடாது. எல்லோரையும் கேட்டுக்கொண்டே தாளத்தை எண்ணிக் காத்திருக்கும் இந்தப் பயிற்சி, நடத்துநருக்கு வேண்டிய பயிற்சியே அன்றோ? ஸ்வீடனின் கிறிஸ்டியன் லிண்ட்பெர்க் இளம் வயதில் ஓபரா இசைக்குழுவில் டிராம்போன் வாசித்து, தனிக் கலைஞராக உலகப் புகழ் பெற்று, பின்னர் நடத்துநராகவும் உயர்ந்தவர்.

இன்னொரு சான்று வெனிசுவேலாவின் குஸ்தாவோ துதாமெல். அவர் தந்தை டிராம்போன் கலைஞர். மகனுக்கும் அதே ஆசை. ஆனால், சறுக்குக் குழலை முழுதும் நீட்டச் சிறுவனின் கை எட்டவில்லை. எனவே வயலின் கற்றார். இன்று உலகின் முன்னணி நடத்துநர்களுள் ஒருவர். அவரை உருவாக்கியது 1975-இல் தொடங்கப்பட்ட 'எல் சிஸ்தேமா' இயக்கம். எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கருவி கொடுத்து, தொடக்கத்திலேயே இசைக்குழுவில் இடமளிப்பது அதன் முறை.

நமக்கு இவ்விசை புதிதன்று. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்திலேயே தஞ்சை அரண்மனையில் மேலைநாட்டு வாத்தியக் குழு இருந்தது. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-இல் தோன்றியது. திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களே நெடுங்காலம் இங்கு இசைக்குழுக்களாக இயங்கின. கணினி இசை வந்தபின் அந்த நாற்காலிகள் குறைந்தன. இன்று நாட்டின் முழுநேரத் தொழில்முறை சிம்பொனி இசைக்குழு எனச் சுட்டத்தக்கது, மும்பையில் 2006-இல் உருவான 'சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா' மட்டுமே. அதிலும் வெளிநாட்டுக் கலைஞர்கள் கணிசமாக உள்ளனர்.

தாம்பரத்தில் வசிக்கும் எனக்கு, தென்சென்னைப் புறநகரில் வித்துகளுக்குக் குறைவில்லை என்றே தோன்றுகிறது. பரங்கிமலை ராணுவப் பயிற்சி அகாதெமியின் அணிவகுப்புகளில் பித்தளை வாத்தியங்கள் முழங்குகின்றன. 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும், பல்லாவரம் முதல் செங்கல்பட்டு வரையிலான தேவாலயங்களிலும் பாடகர் குழு மரபு வேரூன்றியிருக்கிறது. டிரினிட்டி கல்லூரித் தேர்வுகளை எழுதும் பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆனால், நான் காணும் பிள்ளைகள் கற்பது பெரும்பாலும் கீபோர்டும் கிட்டாரும்தான். எட்டாம் நிலைச் சான்றிதழ் பெற்றபின் சேர்ந்து வாசிக்க இடமின்றி, கருவி பரண் ஏறுகிறது. தனியே வாசித்துப் பழகியவரிடமிருந்து நடத்துநர் உருவாவது அரிது.

2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த தாம்பரம், அரசுப் பள்ளி மாணவர்களைக் கொண்டு ஒரு காற்றிசைக் குழுவை ஏன் தொடங்கக் கூடாது? பித்தளை வாத்தியங்களைச் செய்யும் தொழில் உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில் நூறாண்டுகளுக்கும் மேலாக நடைபெறுகிறது. இறக்குமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஓய்வுபெற்ற ராணுவ இசைக்கலைஞர்களை ஆசிரியர்களாக அழைக்கலாம். விடுமுறை நாள்களில் ஒரு பள்ளிக் கூடமும், முப்பது நாற்காலிகளும் கிடைத்தால் போதும்.

அந்தப் பிள்ளைகள் அனைவரும் கலைஞர்களாக வேண்டும் என்பதில்லை. பிறர் வாசிப்பதைக் கேட்டுத் தன் முறைக்குக் காத்திருக்கக் கற்பது எந்தத் தொழிலுக்கும் உதவும். அவர்களுள் ஒருவர் ஒருநாள் எழுந்து கோலைக் கையில் எடுப்பாரானால், அடுத்த தமிழ் சிம்பொனி அரங்கேற விமானம் ஏற வேண்டியிராது.