தேவராஜா மார்க்கெட்டும் செல்பேசி அலைகளும்

மைசூர் தேவராஜா மார்க்கெட்டின் பூக்கடை வரிசையில் கன்னடம், உருது, தமிழ் எல்லாம் ஒரே நேரத்தில் காதில் விழும். ஆனாலும் தமிழ்க்குரல் மட்டும் எனக்குத் தனியே பிரிந்து கேட்கும். சி.டி.எம்.ஏ. செல்பேசிகள் இப்படித்தான் வேலை செய்தன. ஒரே அலைவரிசையில் பலர் ஒன்றாகப் பேசுவார்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் தனிக் குறியீடு உண்டு. அந்தக் குறியீடு தெரிந்த கருவிக்கு மற்றதெல்லாம் இரைச்சல்.

செல்பேசியின் இன்னொரு முறையான ஜி.எஸ்.எம். வேறு வழி கண்டது. 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள தடத்தை எட்டுப் பேர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். ஒருவரின் முறை ஒரு மில்லிநொடிகூட நீடிக்காது. அதனால் பேச்சு விட்டுவிட்டு வருவதே தெரியாது.

1995இல் இந்தியாவுக்கு வந்தது ஜி.எஸ்.எம். 2002 கடைசியில் ரிலையன்ஸ் சி.டி.எம்.ஏ.வோடு இறங்கியது, அடுத்த ஆண்டே 501 ரூபாய் கட்டினால் கையில் போன். ஆனால் அந்த போன்கள் பலவற்றில் சிம் கிடையாது, நிறுவனம் மாறினால் போனையும் மாற்ற வேண்டும். அலைவரிசையைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதில் சி.டி.எம்.ஏ.தான் கெட்டி. ஆனாலும் அதை வீழ்த்தியவை இந்தப் பூட்டும், உலகெங்கும் மலிவாகிவிட்ட ஜி.எஸ்.எம். கருவிகளும்தான் என்பது என் கணிப்பு.

வீழ்ந்தாலும் அதன் யோசனை வீணாகவில்லை. ஜி.எஸ்.எம். குடும்பம் 3ஜிக்கு நகர்ந்தபோது குறியீட்டு முறையையே எடுத்துக்கொண்டது. 4ஜியில் அதுவும் போய், அலைவரிசையை நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளாகப் பிரிக்கும் முறை வந்தது.

5ஜியில் இந்தியாவும் தன் பங்கைக் கேட்டது. மேலைநாட்டுக் கணக்கில் கிராமத்து டவர்களுக்கு இடையே 1.7 கிலோமீட்டர்தான் இடைவெளி. மைசூர் மாவட்டத்து எச்.டி. கோட்டேயில் காட்டோரம் சிதறிக் கிடக்கும் ஹாடிகளுக்கு, அதாவது பழங்குடிக் குடியிருப்புகளுக்கு, அது எப்படிப் பொருந்தும்? ஆறு கிலோமீட்டர் இடைவெளியையும் 5ஜிக்கான சோதனையில் சேர்க்கவேண்டும் என்று நம் நாட்டுத் தரநிர்ணய அமைப்பான டி.எஸ்.டி.எஸ்.ஐ. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் வாதாடி வென்றது. அந்தத் தொலைவுக்கேற்ப ஐ.ஐ.டி. சென்னையும் ஐ.ஐ.டி. ஹைதராபாத்தும் 5ஜிஐ என்ற தரத்தை வடிவமைத்தன. அதன் நுணுக்கம் எளியது: போன் அனுப்பும் அலையின் ஏற்ற இறக்கத்தைக் குறைத்தால், அதே பேட்டரியில் குரல் இன்னும் தொலைவிலுள்ள டவரை எட்டும்.

ஒன்றியம் 2021இல் 5ஜிஐயை ஏற்றது. ஆனால் ஒரு நாட்டுக்கென்று தனித்தரம் வைத்தால் போன் விலை ஏறும் என்ற அச்சம் எழுந்தது. கடைசியில் 5ஜிஐயின் அம்சங்கள் உலகப் பொதுத்தரத்தின் 17ஆம் பதிப்பில் கலந்தன. தோல்வி என்கிறார்கள் சிலர். நான் அப்படி நினைக்கவில்லை. 2030ஐ இலக்காக வைத்து 6ஜி தரம் உருவாகிவருகிறது. அங்கும் ஹாடிகளின் தூரத்தை அளந்து சொல்ல நம் ஆட்கள் முதல்நாளிலிருந்தே இருக்கவேண்டும்.