தூண்டில் ஏந்திய தவளை மீன்

ஆற்றங்கரையில் தூண்டிலைப் போட்டு, மீன் கடிக்கும்வரை அசையாது அமர்ந்திருப்போரை நாம் அறிவோம். அதே தொழிலைச் செய்யும் மீன் ஒன்று நம் நாட்டுக் கடலிலும் உண்டு. சபா மாநிலத்தில், செம்பூர்ணாவை அடுத்த மாபுல் தீவின் பவளப்பாறைகளில் வாழும் தவளை மீனே அது.

இது 15 செண்டிமீட்டருக்கு மேல் வளர்வது அரிது. உடலெங்கும் மருக்கள், அழகென்று சொல்வதற்கில்லை! ஆயினும், கடற்பஞ்சின் அருகே அமர்ந்துவிட்டால் அதுவும் ஒரு கடற்பஞ்சாகவே தோன்றும். இடம் மாறினால், சில வாரங்களில் நிறத்தையும் மாற்றிக்கொள்ள வல்லது.

முதுகுத் துடுப்பின் முதல் முள்ளே இதன் தூண்டிற்கோல். நுனியில் சிறு மீனைப் போன்ற சதைத் துண்டு தொங்குகின்றது. அதை இரையென எண்ணி நெருங்கும் மீன் மறுகணமே வாய்க்குள் மறைந்துவிடும். ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால், அவற்றுள் ஏறத்தாழ ஆறு கூறு நேரமே இதற்குப் போதும். தன்னைவிட நீளமான மீனையும் விழுங்கிவிடும்.

ஆனால் இது வேகமாக நீந்தும் மீனன்று. துடுப்புகளைக் கால்களாக ஊன்றி நடப்பதே இதன் வழக்கம். மறைவிடமே இதற்குக் காப்பு. வெடி வைத்து மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டம் தடைசெய்கின்றது. தடையை மீறி வெடிப்போர் சில மீன்களுக்காகப் பாறையையே தகர்த்துவிடுகின்றனர். அது மீண்டும் வளரப் பல்லாண்டுகள் ஆகும். இம்மீனின் முட்டைகளோ நாடாவைப் போல் ஒன்றாய் ஒட்டி, நீரோட்டத்தில் மிதந்து செல்பவை. அவற்றிலிருந்து வரும் குஞ்சுகள் இறங்கித் தங்குவதற்கும் பாறை வேண்டும்.